நீலத் திட்டு

குணாவின் கையிலிருந்த டோக்கன் சீட்டு வேர்வையில் ஊறி, நம்பரே அழிந்துபோயிருந்தது.

“பொண்டாட்டி நானே தெகிரியமா கீறேன். நீ இன்னாத்துக்கு தம்பி இப்டி நடுங்கற?” என்றாள் ஜோதிலட்சுமி. மூன்று பேரும் கும்மிடிப்பூண்டியில் விடிகாலை ரயிலேறி மெட்ராஸ் ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தார்கள்.

அவள் புருஷன் பூவராகவன், தோளிலிருந்த துண்டை உருவிக் குணாவிடம் நீட்டினார். “கையத் தொடச்சிக்க.”

காலையில் டீ குடித்ததே அவருக்கு நினைவில்லை. மகள் பூமிகா எத்தனாவது படிக்கிறாள் என்று கேட்டால் விழிப்பார். குணாவும் அவரும் ஒரே ஷெட்டில் வேலை. நாலு மாசத்துக்கு முன் அங்கே மேலேயிருந்து ஒரு ஸ்பேனர் அவர் தலையில் விழுந்தது. ஹெல்மெட் பிளந்துவிட்டது. அது யார் கையிலிருந்து விழுந்தது என்று இன்றுவரை யாரும் வாய் திறக்கவில்லை.

அன்று எடுத்த ஸ்கேனில் ஒன்றுமில்லை. “நல்லாத் துன்றான், நல்லா நடக்கறான். மறதி மட்டும் எங்கருந்து வந்துச்சி? நடிப்புபா,” என்றான் சூப்பர்வைசர் தணிகைவேல். இன்று எடுக்கப்போகும் ரத்த ஓட்ட ஸ்கேனிலும் ஒன்றுமில்லை என்று வந்தால் வேலை போய்விடும்.

நர்ஸ் வந்தாள். “ஸ்கேனுக்கு ஊசி போடறதுக்கு முன்னாடி அரை மணி நேரம் இருட்டு ரூம்ல படுத்திருக்கணும். பேசக் கூடாது, எதையும் யோசிக்கக் கூடாது.”

“யோசிக்க உள்ள ஒண்ணுமே இல்லன்னுதான் கம்பெனில சொல்றாங்க சிஸ்டர்,” என்றார் பூவராகவன். நர்ஸ் சிரித்துவிட்டாள். குணாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

பூவராகவன் உள்ளே போனதும் கதவு மூடியது. சாமியிடம் எதைக் கேட்பது என்றே குணாவுக்குத் தெரியவில்லை. ஒன்றுமில்லை என்று வந்தால் அண்ணன் பொய்க்காரர். ஏதாவது இருந்தால், அண்ணன் இனிமேல் பழைய அண்ணன் இல்லை.

“நாலு மாசமா லீவு போட்டு லீவு போட்டு, இவர இட்டுக்கினு அலையுது இந்தத் தம்பி. கூடப் பொறந்தவன்கூட இப்டி பாக்கமாட்டான்,” என்று பக்கத்திலிருந்தவளிடம் ஜோதிலட்சுமி சொன்னாள். குணா தலையைக் குனிந்துகொண்டான்.

மத்தியானம் டாக்டர் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். சிவப்பும் மஞ்சளுமாயிருந்த மூளையில், நெற்றிப் பக்கம் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு நீலத் திட்டு.

“இங்க ரத்தம் சரியாப் போகலை. பழைய ஸ்கேன் வேற மாதிரி, அதுல இது தெரியாது. மறதி நிஜம்தான். இவர் நடிக்கலை.”

ஜோதிலட்சுமி கைகூப்பினாள். “அப்பாடா! அத எழுதிக் குடுங்க சார்.” சொன்ன பிறகுதான் அவள் முகம் சுருங்கியது. “அப்போ... இது சரியாப் பூடுமா சார்?”

“மாத்திரை தரேன். பாக்கலாம்,” என்றார் டாக்டர், அவள் முகத்தைப் பார்க்காமல். பிறகு பூவராகவனிடம், “அடிபட்ட அன்னிக்கு நடந்தது ஏதாவது ஞாபகம் இருக்கா?”

“ஒண்ணுமே இல்ல சார்.”

ஜோதிலட்சுமி மாத்திரை வாங்கப் போனாள். பூவராகவன் படியிறங்கக் குணா கை கொடுத்தான். மறுபடியும் சொதசொதவென்று ஈரம்.

அவர் அந்தக் கையை விடவில்லை. துண்டை எடுத்து, விரல் விரலாகத் துடைத்துவிட்டார்.

“ஸ்பேனர எடுத்துக்கினு நீ மேல ஏறும்போது, அன்னிக்கும் இதத்தான்டா சொன்னேன், கையத் தொடச்சிக்கன்னு.”