மிச்சம் ஐந்து நிமிஷம்

மூன்றாவது தடவையும் அவன்தான் கெடுத்தான்.

பாட்டு முடிய நாலு வரி இருந்தது. ட்ரம் குச்சியைக் கீழே விட்டான். அது உருண்டு போய்ச் சுவரில் முட்டியது. பதிவு நடப்பதைக் காட்டும் சிவப்பு விளக்கு அணைந்தது.

"கை நழுவிடுச்சு."

நழுவவில்லை.

மைக்கின் முன்னால் நின்ற ரூபன் திரும்பவில்லை. வெந்நீரை ஒரு மடக்கு குடித்தான். விழுங்கக் கஷ்டப்பட்டான்.

ட்ரம்முக்குப் பின்னால் இருந்தவனுக்கு அதைப் பார்க்க நன்றாக இருந்தது.

ஆபரேஷன் ஆன தொண்டை. ஒரு நாளைக்கு இருபது நிமிஷம்தான் பாடலாம், மேலே போனால் உள்ளதும் போய்விடும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இது ஐந்து நிமிஷப் பாட்டு. கம்பெனி வைத்த கெடு இன்றோடு சரி. இந்தப் பாட்டு இல்லையென்றால் ஆல்பம் இல்லை.

எல்லாம் தெரிந்துதான் அவன் வந்திருந்தான்.

பதினெட்டு வருஷம் இரண்டு பேரும் ஒரே மேடை. ராக் பாட்டு. ரூபன் கத்துவான், அவன் அடிப்பான். நடுவில் மூச்சு முட்டினால் ரூபனின் தலை லேசாக இடது பக்கம் திரும்பும். அது அவனுக்கு மட்டும் தெரியும். உடனே ட்ரம்மைக் கடகடவென்று உருட்டி எடுப்பான். அந்தச் சத்தத்துக்குள் ரூபன் மூச்சு வாங்கிக்கொள்வான். ஜனம் அதற்குத்தான் அதிகம் கை தட்டும்.

பிறகு ஒரு நாள் போனில் ஒரு மெசேஜ். இனிமே நான் தனியா பாடுறேன்.

பேண்ட் அதோடு போச்சு.

இரண்டு வருஷமாக அவன் பெயிண்ட் வேலைக்குப் போய், பட்டி பூசின சுவரை உப்புத்தாள் வைத்துத் தேய்க்கிறான். வட்டம் வட்டமாக. வெள்ளைத் தூள் இப்போதும் நகக்கண்ணில் இருக்கிறது.

ரூபன் போனில் கூப்பிட்டபோது, ஊரில் வேற ட்ரம்மரே இல்லையா என்று அவன் கேட்டான். ரூபன் இடத்தையும் நேரத்தையும் மட்டும் சொன்னான்.

ஆல்பத்தில் எல்லாம் எழுபது வருஷத்துக்கு முந்தைய அமெரிக்கக் காதல் பாட்டுகள். கோட்டு போட்டவர்கள் ஓட்டல் கூடத்தில் நின்று பாடினது. கத்தக் கூடாது. காதோரம் சொல்கிற மாதிரி பாட வேண்டும். இந்தக் கடைசிப் பாட்டுக்குக் குரலும் ட்ரம்மும் மட்டும்தான். ஒட்டுப் போடாமல் ஒரே ஓட்டமாகப் பதிய வேண்டும் என்று ரூபன் பிடிவாதம். குச்சி கிடையாது. கம்பி பிரஷ். ட்ரம் தோல் மேல் தடவினால் போதும்.

பிரஷ் ஸ்டூல் மேல் கிடந்தது. காலையிலிருந்து அவன் அதைத் தொடவில்லை, வேண்டுமென்றே குச்சியாலேயே அடித்தான்.

"தொண்டை போனதும் தாலாட்டுக்கு வந்துட்டியா மச்சி?" என்று கேட்டுக்கொண்டேதான் காலையில் உள்ளே நுழைந்தான்.

இப்போது ரூபன் நடந்து வந்தான். பிரஷ்ஷை எடுத்து நீட்டினான். குரல் பாதி காற்றாக வந்தது.

"இன்னும் ஒரு தடவைக்குத்தான்டா இருக்கு. கெடுக்கணும்னா முதல் வரியிலயே கெடுத்துடு."

அவன் வாங்கிக்கொண்டான்.

சிவப்பு விளக்கு.

முதல் வரி போனது. கெடுக்கவில்லை.

மணிக்கட்டு தானாகச் சுற்றியது. சுவர் தேய்க்கிற அதே சுற்று.

இரண்டாம் வரி. மூன்றாம் வரி.

கெடுப்பதைக் கடைசி வரியில் வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தான். அங்கேதான் நன்றாக வலிக்கும்.

கடைசி வரிக்கு முன்னால் குரல் நின்றது.

அவன் ஒன்றும் செய்யவில்லை. அதுவாக நின்றது.

ரூபனின் தலை லேசாக இடது பக்கம் திரும்பியது.

குச்சி சுவரோரம் கிடந்தது. பிரஷ்ஷை வைத்து உருட்ட முடியாது. அதன் மெல்லிய சத்தத்தில் எதையும் மறைக்க முடியாது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இன்ஜினியர் பதிவை நிறுத்தும் பொத்தானுக்குக் கையைக் கொண்டுபோனார். அவன் முறைத்தான்.

அவர் கை அப்படியே நின்றது.

அவன் ட்ரம் தோல் மேல் தேய்த்தான்.

ஒரு சுற்று.

இன்னொரு சுற்று.

பட்டியில் மேடு கரைகிற வரைக்கும் கையை எடுக்கக் கூடாது. எடுத்தால் சுவரில் தெரியும்.

இன்னொரு சுற்று.

ரூபனின் முதுகு மூச்சு வாங்கிச் சட்டைக்குள் மெல்ல விரிந்தது.