பத்தொன்பது நிமிடம்

"என்ன அநியாயமா இருக்கு! கிழிச்சுப் போட்டுட்டுச் சும்மா நிக்கிறாக!"

கம்பம் ஊரில் அந்தச் சின்ன ஆஸ்பத்திரியின் ஆபரேஷன் அறைக் கதவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கண்ணாடி. அதில் வைத்த கண்ணை மலைச்சாமி எடுக்கவில்லை. உள்ளே கிடப்பவன் தம்பி சங்கிலி. குடல் இறங்கி மாட்டிக்கொண்டது என்று மதியம்தான் கொண்டுவந்து சேர்த்திருந்தார்.

டாக்டர் தேவயானி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். குனிந்து ஈரத்துணியை விலக்கிப் பார்த்தார். மூடினார். மறுபடி நின்றார்.

"பேசாம உக்காருங்க மாமா," என்றாள் சங்கிலியின் மனைவி பொன்னாத்தாள்.

"எப்படித்தா உக்கார்றது? பதினோரு நிமிசமாச்சு. வெட்டணும்னா வெட்டணும், தைக்கணும்னா தைக்கணும். வேடிக்கை பாக்கவா இம்புட்டுப் படிப்பு?"

நர்ஸ் ஷீபா எட்டிப் பார்த்தாள். "மெல்லப் பேசுங்க அண்ணா. முதுகுல ஊசி போட்டதுதான், தம்பி முழிச்சுத்தான் இருக்காரு. எல்லாம் கேக்குது."

"கேக்கட்டும்! கூடப் பிறந்தவனுக்குத்தான அருமை தெரியும்!"

ஒரு மணி நேரம் கழித்து டாக்டர் வெளியே வந்தார்.

"சத்தம் போட்டது நீங்கதானா?"

"ஆமா. பத்தொன்பது நிமிசம் சும்மா நின்னீக. எண்ணிக்கிட்டுத்தான் இருந்தேன்."

"நானும்தான் எண்ணினேன்," டாக்டர் சிரித்தார். "குடல் உங்க தோட்டத்துப் பன்னீர் திராட்சை மாதிரி கருத்துக் கெடந்துச்சு. ரத்த ஓட்டம் இல்லாம செத்துப் போயிருந்தா வெட்டித்தான் எடுக்கணும். இறுக்கத்த எடுத்துவிட்டு, வெதுவெதுப்பான துணியச் சுத்தி வச்சா, சில நேரம் உசுரு திரும்பும். பதினெட்டாவது நிமிசம் சிவந்துச்சு. அடுத்த நிமிசம் நெளிஞ்சுச்சு. ஒரு அங்குலம்கூட வெட்டல."

மலைச்சாமி கையெடுத்துக் கும்பிட்டார். "தப்பா நெனச்சுட்டேன் தாயி."

"அது கெடக்கட்டும். வலி இன்னிக்குக் காலையிலதான் வந்துச்சுன்னு உங்க தம்பி சொல்லியிருந்தார். குடலப் பாத்தா ஒரு நாள் தாண்டியிருக்கு. ஏன் மறைச்சீங்கன்னு உள்ளயே கேட்டேன்."

"என்ன சொன்னாரும்மா?" என்றாள் பொன்னாத்தாள்.

"'நேத்தே வலிதாம்மா. கொடி வெட்டுற கவாத்து வேலை நின்னுருமேன்னு நான்தான் யாருகிட்டயும் சொல்லல. தெரிஞ்சிருந்தா எங்கண்ணன் அப்பவே தூக்கிட்டு வந்திருப்பாக'ன்னார்."

நேற்றுக் காலை, திராட்சைப் பந்தலடியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து நின்ற தம்பியை, "கவாத்து அன்னிக்குப் பாத்து வயித்து வலியா? நடிக்காதலே, கத்திரிய எடு!" என்று விரட்டிய மலைச்சாமி, உட்கார இடம் தேடினார்.