ஆறு விநாடி

நதீம் ஆறு மணிக்கு எழுகிறான். குளிக்கிறான், நின்றபடியே ரொட்டி தின்கிறான், அடையாறில் ஆபீஸ் பஸ் ஏறுகிறான், தரமணி ஆய்வகத்தின் வாசலில் போனைக் கொடுத்துவிட்டு டோக்கன் வாங்குகிறான். மனைவி ஃபிசா இறந்த இந்த நான்கு மாதமாக இப்படித்தான். இப்போது திரையின் நீல வெளிச்சம் அவன் கைமேல் விழுகிறது. ஏசி முனகுகிறது. எதிரி விமானத்தை வானிலேயே வீழ்த்தும் ஏவுகணைக்கு ரேடார் வழிகாட்டுவதைக் கணினியில் ஒத்திகை பார்க்கிறார்கள். விமானமாகத் தெரிந்த புள்ளி சட்டென்று மறைகிறது. அது போயிருக்கக்கூடிய வழியை ஊகித்து ஒரு மெல்லிய கோடு மட்டும் நீள்கிறது. ஏவுகணை அதை நம்பிப் பின்னாலேயே போகிறது. ஆறு விநாடி அப்படித் தேடட்டும் என்று எழுதிவைத்தவன் நதீம்தான்.

"ஆறு ஜாஸ்தி மச்சி," என்கிறான் பக்கத்து நாற்காலி அச்யுத். "இல்லாத ஒண்ணைத் துரத்திண்டு போறது பாரு. மூணுல விட்டுடலாம். பத்து மணிக்கு ரிவ்யூ."

"இன்னொரு தபா ஓட்டு."

"ஒன்பது தடவை ஆச்சுடா."

ஓட்டுகிறான். புள்ளி மறைகிறது, கோடு நீள்கிறது. அச்யுத் திரையை விட்டுவிட்டு நதீமைப் பார்க்கிறான். நதீம் ஆறை அழிக்கிறான். மூன்று என்று அடிக்க விரல் எழவில்லை. ஆஸ்பத்திரியில், கட்டிலைவிட்டு நகராமல் உட்கார்ந்திருந்தவனிடம் ஃபிசா கடைசியாகச் சொன்னாள்: "போய் ஒரு டீ குடிச்சிட்டு வாங்க. நான் எங்க போயிடப் போறேன்."