அடுப்பில் பால்

ஷெரின் படிப்புக்காக எடுத்த பேய்ப்படத்துக்கு யாருமே பயப்படவில்லை. கல்லூரித் தோழிகள் சிரித்தார்கள். எதிர்வீட்டு ஆறு வயதுக்காரி, பேய்க்குத் தலைபின்னிவிட வேண்டும் என்றாள். படம் யாருக்கு, எந்த வயதுக்காரர்கள் பார்க்கலாம் என்று நாளைக்குள் சொல்லியாக வேண்டும். ஆசிரியர் கறாராகச் சொல்லிவிட்டார். கடைசியாக அம்மாவைப் பிடித்து உட்காரவைத்தாள். பேய் வந்தது. அம்மா கொட்டாவி விட்டாள். அடுத்த காட்சியில் கதாநாயகி, மாடியில் ஏதோ சத்தம் கேட்டு, அடுப்பில் பாலை அப்படியே விட்டுவிட்டுப் படியேறினாள். அம்மா சட்டென்று ஷெரினின் கையைப் பற்றினாள்.

"பால் பொங்கிடும்டி. இவ பாட்டுக்குப் போறாளே."

மாடியில் பேய் கழுத்தை நெரித்தது. அம்மா அதைக் கண்டுகொள்ளவேயில்லை. "அடுப்பை அணைச்சாளா இல்லையா, அதைச் சொல்லு" என்றாள். அவள் உள்ளங்கை வியர்த்திருந்தது. ஷெரினுக்கு நாளைக்குச் சொல்லப் பதில் கிடைத்துவிட்டது: பெரியவர்களுக்கான படம், கூடவே பிள்ளைகள் யாராவது துணைக்கு இருக்க வேண்டும்.

படம் முடிந்து பெயர்கள் ஓடின. அம்மா அவள் கையை விடாமலேயே எழுந்தாள்.

"வா, நம்ம அடுப்பை ஒரு தடவை பாத்துட்டு வந்துடலாம்."