ஏணி இறங்கிய இரண்டாவது முறை

அன்று படகில் இருந்தவர்கள் மூவர்: சொந்தக்காரரான பெரியவர், அவர் தம்பி, மருமகன். கடலில் ஒருவரையும் விட்டுவராத குடும்பம் அது.

காற்று உருளை கட்டி மூழ்கியிருந்த தம்பியும் மருமகனும் ஆழத்திலிருந்து பதறாமல், முக்குளிப்பவர்கள் வழக்கப்படி நடுவில் மூன்று நிமிடம் நின்று மேலே வந்தார்கள். யாரும் விடுபடாமலிருக்க, இறங்குமுன் அவரவர் பெயர் எழுதி மாட்டிய வில்லையைப் பெரியவர் கொக்கியிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டு ஏணியை மேலே இழுத்தார்.

அப்போது நீரில் ஒரு தலை எழுந்தது.

"மாமா, ஏணிய இறக்குங்க. என் வில்லை எங்க?"

மருமகனின் முகம். பெரியவர் திரும்பிப் பார்த்தார். மருமகன் பின்னால் உட்கார்ந்து தலை துவட்டிக்கொண்டிருந்தான்.

"அண்ணே, எனக்குத்தான் கண்ணு கெட்டுப்போச்சா?" என்றான் தம்பி.

எவன் தன் மகளைக் கட்டியவன் என்று பெரியவருக்குப் பிடிபடவில்லை.

"ஏணிய இறக்குடா" என்றார்.

மருமகனைக் கடலில் விட்டுவிட்டு வந்தார் என்று ஊரில் பேசுகிறார்கள். அது பொய். இரண்டு மருமகன்களும் வீட்டில்தான் இருக்கிறார்கள்.