வீட்டு அவையில் ஒரு ஃபிலிபஸ்டர்

வண்டி மாலை ஆறு மணிக்கு என்று மகள் சொல்லியிருந்தாள். மத்தியானச் சாப்பாடு முடிந்து கை கழுவிய ஈரத்தோடு அவர் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து தொண்டையைச் செருமிக்கொண்டார்.

அவருக்குச் சட்டமன்றத்தில் வேலை. புதிதாக ஜெயித்து வரும் உறுப்பினர்களுக்கு, அவையில் புழங்கும் ஆங்கிலச் சொற்களுக்குப் பொருள் சொல்ல வேண்டும். கோரம் என்றால் கூட்டம் நடக்கக் குறைந்தது எத்தனை தலை வேண்டும் என்ற கணக்கு. காஸ்டிங் ஓட்டு என்றால் இரண்டு பக்கமும் சமமாக நின்றால் தலைவர் போடும் ஓட்டு. இப்படி எல்லோருக்கும் பேசக் கற்றுக்கொடுத்தவர், அவைக்குள் ஒருநாளும் வாயைத் திறந்ததில்லை. அந்த உரிமை அவருக்குக் கிடையாது.

அலுவலகத்தில் அவரை அகராதி என்பார்கள். வீட்டிலும் அதே பெயர்தான். பொருள்தான் வேறு.

பேச முடியாத குறையை வீட்டில் தீர்த்துக்கொண்டார். எதுவும் தீர்மானமாகத்தான் வர வேண்டும். ஒருவர் முன்மொழிந்தால் இன்னொருவர் வழிமொழிய வேண்டும். ஒருவர் பேசி முடிக்கும்வரை மற்றவர்கள் எழுந்து போகக் கூடாது. அவையில் சொன்னதைச் சந்தேகப்படக் கூடாது என்பது இன்னொரு விதி. மனைவியும் மகளும் இத்தனை காலமும் இதற்கு உட்பட்டே வாழ்ந்தார்கள். வேறு வழியில்லை என்றும் சொல்லலாம்.

மகளுக்குத் தூரத்து ஊரில் வேலை கிடைத்தது. மறுநாள் காலை போய்ச் சேராவிட்டால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுக்கொள்வார்கள். அந்த ஊருக்கு நாளுக்கு ஒரே வண்டிதான்.

அவள் போகக் கூடாது என்று போன வாரமே தீர்மானம் கொண்டுவந்தார். வழிமொழிய ஆளில்லை. மனைவி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள், தலையைக்கூடத் தூக்கவில்லை. மூன்று பேர் இருந்தால்தானே கோரம் என்று வெளிநடப்பு செய்து மொட்டை மாடியில் போய் நின்றார். பசித்து இறங்கி வந்தபோது இருவரும் சாப்பிட்டு முடித்து, அவர் பங்கைத் தட்டு போட்டு மூடி வைத்திருந்தார்கள்.

மிஞ்சியது ஃபிலிபஸ்டர்தான். ஓட்டு பலம் இல்லாதவர், நேரம் தீரும்வரை பேசிப் பேசியே காரியத்தைக் கெடுப்பதற்கு அந்தப் பெயர். நம் அவையில் அதற்கு இடமில்லை என்று புது உறுப்பினர்களிடம் வருத்தத்தோடு சொல்வார். வீட்டில் இடம் இருந்தது. விதியை எழுதியவரே அவர்தான்.

மகளை எதிரே உட்காரச் சொன்னார்.

"கிளம்புறதுக்கு முன்னாடி ரெண்டு வார்த்தை சொல்லிடுறேன்மா."

மகள் மறுபேச்சில்லாமல் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். மனைவியும் காய் நறுக்கும் பலகையோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

வாடகை வீட்டுத் தாழ்ப்பாள்களில் தொடங்கினார். அங்கிருந்து கொதிக்கவைத்த தண்ணீருக்கு வந்தார், பிறகு மேலதிகாரிகளின் குணங்களுக்கு. கொல்லைக் கொடியில் மகளின் சுடிதார்கள் அப்போதுதான் அலசிப் போட்டு, சொட்டிக்கொண்டிருந்தன. அதையும் விடவில்லை. பயணத்தன்று துணி துவைக்கிறவள் தனியாக என்ன பிழைப்பு பிழைக்கப்போகிறாள் என்று நெடுநேரம் இழுத்தார்.

சரக்கு தீர்ந்துவிட்டது. விஷயமே இல்லாமல் மணிக்கணக்கில் பேசுகிற உறுப்பினர்களை அவர் கேலி செய்ததற்கு அளவே இல்லை. இப்போது அலமாரியைத் துழாவி, மிக்சியோடு வந்த கையேட்டை எடுத்து, மூடியைச் சரியாகப் பொருத்துவது எப்படி என்று உரக்க வாசித்தார். மனைவி புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். மகள் மட்டும் பரீட்சைக்குப் படிப்பவள் மாதிரி கேட்டுக்கொண்டிருந்தாள்.

கையேடும் முடிந்தது. பின்னட்டையைத் திருப்பினார், வெறுமையாக இருந்தது. அப்போது, திட்டத்தில் இல்லாத ஒரு வாக்கியம் வாயிலிருந்து விழுந்தது.

"நீ போயிட்டா, இந்த வீட்ல நான் பேசுறதை யாரு கேப்பா?"

மனைவியின் கத்தி பலகைமேல் நின்றது. அவர் அவசரமாகக் கையேட்டை முதல் பக்கத்திலிருந்து மறுபடி வாசிக்கத் தொடங்கினார். நடுவில் எங்கும் நிறுத்தாமல் வாசித்தார்.

சுவர்க் கடிகாரத்தில் ஆறு அடித்தது. பிறகும் கொஞ்ச நேரம், நிச்சயப்படுத்திக்கொள்வதற்காக, வாசித்தார். பிறகு நிறுத்தினார்.

ஒரு ரயிலை வாயாலேயே தவறவைத்தாகிவிட்டது. பணிக்காலம் முழுக்க அவர் பார்க்காத வெற்றி. மார்பு நிமிரும் என்று எதிர்பார்த்தார், நிமிரவில்லை. தான் செய்ததற்கு ஃபிலிபஸ்டர் என்று பெயர் வைத்திருந்தார். நல்ல தமிழில் அதற்கு அயோக்கியத்தனம் என்று பெயர். இத்தனை வருடம் சொற்களுக்குப் பொருள் சொன்னவருக்கு இது உறைக்க ஒரு சாயங்காலம் ஆகியிருந்தது.

"வண்டி போயிருக்கும்மா," என்றார், தரையைப் பார்த்தபடி. "நான் வேணும்னேதான் இழுத்தேன்."

அழுவாள், கத்துவாள் என்று காத்திருந்தார். மகள் எழுந்து உள்ளே போனாள். ஒரு டம்ளர் தண்ணீரோடு திரும்பி வந்து, கையேட்டை அவர் விரல்களிலிருந்து மெல்ல உருவிவிட்டு, டம்ளரைக் கொடுத்தாள்.

"குடிச்சிட்டு மிச்சத்தையும் சொல்லுங்கப்பா. நீங்க பேசுவீங்கன்னு தெரிஞ்சுதானே ஒன்பது மணி வண்டியை ஆறு மணின்னு சொன்னேன்?"