எட்டாவது கேள்வி

“முட்டி ஸ்டியரிங்ல இடிக்குதே சார்! இந்த வண்டியையா வாங்கப் போறீங்க?”

விற்பனையாளன் ஜெயப்பிரகாஷ் கவலையோடு கேட்டான். கடலூர் டிராக்டர் ஷோரூமில் இருந்ததிலேயே சிறிய வண்டி அது. பதினைந்து எச்.பி. அதில் ஆறடி உயர ராஜமாணிக்கம், குழந்தையின் மூன்று சக்கர சைக்கிளில் ஏறிவிட்டவர் போல மடங்கி உட்கார்ந்திருந்தார்.

“இடிச்சா இடிக்கட்டும். முட்டி என்னுதுதானே தம்பி?”

கீழே மஞ்சள் பையோடு நின்ற அவர் மனைவி மலர்க்கொடி சிரித்தாள். “ஒரு வாரமா இதே பாட்டுதான். சின்ன வண்டி, சின்ன வண்டின்னு. இவரு ஒசரத்துக்குச் சட்டையே கெடைக்க மாட்டேங்குது, இதுல சின்ன வண்டியாம்!”

ஜெயப்பிரகாஷ் தன் நோட்டைப் பிரித்தான். போன வருஷம் கீரப்பாளையத்து விவசாயி ஒருவருக்கு, அவருடைய இரண்டு ஏக்கருக்கு, நாற்பத்தைந்து எச்.பி. வண்டியை விற்றுவிட்டான். முதல் சேற்றுழவிலேயே அது அச்சு வரை இறங்கிவிட்டது. அவர் வந்து திட்டக்கூட இல்லை. இவன் மேசைக்கு எதிரே அரை மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார். இன்னொருவரை அப்படி உட்கார வைக்கக்கூடாது என்றுதான் இந்த நோட்டு. ஏழு கேள்விகள். ஏழுக்கும் பதில் எழுதாமல் அவன் யாருக்கும் வண்டி சொல்வதில்லை. எழுதின பிறகும் இரண்டு தடவை சரிபார்ப்பான்.

“நெல்லிக்குப்பம் பக்கம் ரெண்டரை ஏக்கர். கரும்பு. பாருக்குப் பார் எடைவெளி நாலரை அடி. களிமண்ணு. என் கணக்குல இருபத்திரண்டு எச்.பி.தான் சார் வருது. உழவும் ஓட்டலாம், டிரெய்லரும் இழுக்கலாம். இதுவரைக்கும் எதுல ஓட்டுனீங்க?”

“பவர் டில்லர். அது பின்னாடியே நடந்து சாகணும். இனிமே நடக்க முடியாது தம்பி.”

சொல்லிக்கொண்டே இறங்கியவர், பக்கத்தில் கிடந்த கலப்பையில் காலை இடித்துக்கொண்டார். “இத யாருப்பா வழியில போட்டது?” என்று கத்தினார். பளீரென்று சிவப்புப் பெயின்ட் அடித்த ஏழு கொத்துக் கலப்பை அது.

“பாத்து வாங்க,” என்று மலர்க்கொடி அவர் முழங்கையைப் பிடித்தாள்.

“சரி, இருபத்திரண்டையும் பாத்துடுவோம். மலரு, நீ ஏறி உக்காரு. ஒரு போட்டோ எடுப்போம்.”

“ஐய! எனக்கு எதுக்குங்க? ஜனங்க சிரிக்கும்.”

“மாசத்துக்கு நாலு தடவ காடாம்புலியூரு அண்ணன் வூட்டுக்கு ஓடுறல்ல? அங்க கொண்டுபோயிக் காட்டு. ஏறுடி!”

மலர்க்கொடி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, மட்கார்டைப் பிடித்து இடது பக்கமாக ஏறினாள். முதல் தடவை ஏறுகிறவர்கள் கியர் கம்பியில் இடித்துக்கொள்வார்கள். அவள் இடித்துக்கொள்ளவில்லை.

ராஜமாணிக்கம் செல்போனை ஜெயப்பிரகாஷிடம் நீட்டினார். “நீங்களே எடுங்க தம்பி. மலரு, கிளட்ச மிதிச்சுக்க, போட்டோ ஸ்டைலா வரும்.”

அவர் குனிந்து கிளட்ச் பக்கம் கையை விட்டுத் தடவினார். அவள் கால் கட்டைவிரல் மட்டும்தான் கிளட்சுக்கு எட்டியது. “ம்ஹூம், நல்லாயில்ல. சின்னதுல ஏறு.”

சின்ன வண்டியில் பாதம் முழுசாகப் பதிந்தது. மறுபடியும் தடவிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். “இதான். இதுவே போதும். முடிச்சுடுங்க.”

எடுத்த போட்டோவை அவர் பார்க்கவே இல்லை.

மலர்க்கொடி அண்ணனுக்குப் போன் செய்ய வாசலுக்குப் போனாள். ஜெயப்பிரகாஷுக்கு மனசு கேட்கவில்லை.

“சார், நீங்க எத வாங்குனாலும் எனக்கு விற்பனைதான். ஆனா நாளைக்கு நீங்க வந்து என் எதிர்ல பேசாம உக்காந்தா என்னால தாங்க முடியாது. உங்க ஒசரத்துக்கு இது ஆவாது சார்.”

ராஜமாணிக்கம் வாசலை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “ஓட்டப் போறது நான் இல்ல தம்பி. கண்ணு நரம்பு போவுதாம். ஏற்கெனவே பக்கவாட்டுல எதுவும் தெரியல. பார்வை இன்னும் ஒரு வருஷந்தான்னு பாண்டிச்சேரி டாக்டரு கைய விரிச்சுட்டாரு. அவளுக்குத் தெரியாது. தெரிஞ்சா ஒடஞ்சு போயிடுவா. வெளையாட்டு மாதிரி மெதுவா ஓட்டப் பழக்கிவுட்டுட்டு, அப்பறம் சொல்லிக்கலாம்னு இருக்கேன்.”

ஜெயப்பிரகாஷ் நோட்டைப் பார்த்தான். ஏழு கேள்வியில் ஒன்றுகூட, ஓட்டப்போவது யார் என்று கேட்கவில்லை. இருபத்திரண்டை அடித்துவிட்டுப் பதினைந்து என்று எழுதினான்.

“களை எடுக்க, மண்ணு அணைக்க இது தாராளமாப் போதும் சார். நடவுக்கு முன்னாடி ஆழ உழவுக்கு மட்டும் வாடகைக்குப் பெரிய வண்டி வெச்சுக்கங்க.”

மலர்க்கொடி திரும்பி வந்ததும் ராஜமாணிக்கம் பேச்சை நிறுத்திவிட்டு, சின்ன வண்டியிடம் போய் அதன் மட்கார்டை மெல்லத் தடவிக்கொண்டு நின்றார். அவள் மஞ்சள் பையிலிருந்து காகிதங்களை எடுத்து நீட்டினாள். ரேஷன் கார்டு, சிட்டா. அவற்றின் நடுவிலிருந்து மடித்த தாள் ஒன்று மேசையில் விழுந்தது. ஜெயப்பிரகாஷ் பிரித்தான்.

எல்.எல்.ஆர். டிராக்டர் ஓட்டப் பழகுவதற்கான உரிமம். மலர்க்கொடியின் போட்டோ. மூன்று மாதத்துக்கு முந்தைய தேதி.

அவள் சட்டென்று அதை வாங்கி முந்தானைக்குள் மறைத்தாள்.

“ஆறு மாசமா அவரு வரப்புல தடுமாறுறதப் பாத்துக்கிட்டுத்தான் தம்பி இருக்கேன். அண்ணன் வூட்டுக்குப் போறதே அவுங்க வண்டியில பழகத்தான்,” என்றாள் கிசுகிசுப்பாக. “ஆனா, அவரா வாயத் தொறந்து சொல்ற வரைக்கும் எனக்கு ஓட்டத் தெரியாது.”